சீட்டுக் குத்தாத துணி

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று பதினாறு உருப்படி. ஒரு வெள்ளைக் கையுறையில் மை, ஒரு கம்பளிக் கோட்டில் பூனை செய்த வேலை, ஒரு சட்டைக் காலரில் உதட்டுச்சாயம். உதட்டுச்சாயக்காரர் சீட்டில் ‘பெயின்ட்’ என்று எழுதச் சொல்லியிருக்கிறார். பெயின்டுக்கு உள்ள மருந்தைத் தொட்டு வைத்திருந்தால் காலர் போயிருக்கும். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடித்தேன். சட்டை பிழைத்தது. மனிதர் வீட்டில் பிழைப்பாரா என்பது என் கவலை இல்லை.

மாலையில் போதகர் சலவைக் கடைக்கே வந்துவிட்டார். நான் எடுக்கும் ஞாயிறு வகுப்பில் அடுத்த நான்கு வாரமும் பிள்ளைகளுக்குப் பாவமும் மனந்திரும்புதலும்தான் பாடமாம். “பேசிப் பேசி அறுக்காதீங்கம்மா, கையால செஞ்சு காட்டுங்க. சின்னப் பிள்ளைங்க கை பட்டாத்தான் மனசுல நிக்கும்” என்றார். போன முறை களிமண் கொண்டுபோய்ச் செய்து காட்டியதில் ஆலயத் திரைச்சீலையில்தான் நின்றது. அதையும் நான்தான் எடுத்தேன்.

சரி என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன்?

ஜூனில் நான் எழுதிய அந்தச் சீட்டு இந்த நோட்டின் பின் அட்டை உறைக்குள்தான் இருக்கிறது. எடுத்துப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாடத்துக்கு வழி கிடைத்துவிட்டது. என் தொழிலையே சொல்லிக் கொடுத்தால் என்ன? பதினொரு வருஷமாகக் கறை மேசையில் நிற்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரே உண்மை: கறை இன்னது என்று சொன்னால் எடுக்கலாம். சொல்லாவிட்டால் எடுக்கப் போய் நிரந்தரமாக்கிவிடுவோம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் ஊற்றினால் துணியோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க்கு வேறு, டீக்கு வேறு. அதனால்தான் துணியை வாங்கும்போதே கறை என்ன, எங்கே என்று ஒரு சீட்டில் எழுதி ஊக்கால் குத்திவிடுகிறோம்.

பிள்ளைகள் ஆளுக்கொரு வெள்ளைத் துணியில் ஒரு கறையோடு வரட்டும். என்ன கறை என்று வாய்விட்டுச் சொன்னால்தான் நான் எடுத்துத் தருவேன். பாவத்தைப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்வது. அட, நானே எனக்கு ஒரு ஷொட்டு கொடுத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இவரிடம் சொன்னேன். லிஃப்ட் ரிப்பேர் பார்த்துவிட்டுக் கிரீஸ் கையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். “அப்ப என்னைக் கூட்டிட்டுப் போ. மாதிரிப் பாவி” என்று கையை விரித்துக் காட்டினார். சிரித்தேன். சிரித்து முடிக்கும் முன்பே, ரசம் எடுத்துவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த வாரம் கறைத் துணி கொண்டுவரச் சொன்னதும் ஒரே கும்மாளம். வீட்டில் எதையாவது கொட்டுவதற்கு அனுமதி கிடைத்துவிட்டதே.

வக்கீலும் வந்திருந்தாள். அந்தப் பெயர் நான் வைத்தது. ஒன்பது வயது. எதைச் சொன்னாலும் “அப்படின்னா டீச்சர்…” என்று ஆரம்பித்து நம்மைக் கூண்டில் ஏற்றிவிடுவாள். எங்கள் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்காவின் மகள். இன்று அவள் கவுன் கசங்கிக் கிடந்தது. பல வாரமாகவே இப்படித்தான் வருகிறாள். முன்பெல்லாம் அவள் கவுன் மடிப்பைத் தொட்டால் விரல் அறுந்துவிடும் போலிருக்கும். எனக்கு எரிச்சலாகி, “என்னடி இது, மாட்டு வாயிலேருந்து பிடுங்கிட்டு வந்த மாதிரி?” என்று கேட்டுவிட்டேன்.

“அம்மா இப்ப இஸ்திரிப் பெட்டியைத் தொடுறதில்ல டீச்சர். வீட்டுலயும்.”

சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது எழுதாவிட்டால் வேறெங்கே எழுதுவேன்.

ஜூன் 24. கவுன்டர் பெண் சாப்பிடப் போயிருந்ததால் நான் நின்றேன். ஒரு பெண் தன் அக்காவின் கல்யாண உடையைக் கொண்டுவந்தாள். தந்த நிறப் பட்டு. அவர்கள் அம்மா உடுத்திய அதே உடையாம். “போட்டுப் பார்க்கும்போது நான்தான் சோடாவைக் கொட்டிட்டேன். உடனே துடைச்சிட்டேன், ஒண்ணும் தெரியல. அக்காவுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க” என்று கெஞ்சினாள். நிறமில்லாத இனிப்புச் சோடா. எங்கள் தொழிலில் அதுதான் பெரிய எமன். காய்ந்தால் கண்ணுக்கே தெரியாது. தண்ணீர் படாத சலவையில் சர்க்கரை போகவும் போகாது. அப்படியே இஸ்திரிக்குப் போனால் சூட்டில் கருகிப் பழுப்பாக எழும்பும். முதலில் நான் தண்ணீர் தொட்டு எடுக்க வேண்டும். ‘முன்பக்கம், இடுப்புக்குக் கீழ், சோடா’ என்று சீட்டு எழுதினேன். போன் அடித்தது. சீட்டை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு போனை எடுத்தேன். உடை சீட்டில்லாமல் உள்ளே போய்விட்டது.

இரண்டாம் நாள் இஸ்திரிக்கார அக்காவின் பலகையில் அது பழுப்புப் பழுப்பாக எழும்பியது. முன்பக்கம் முழுக்க. பார்த்தால் தீய்த்துவிட்டது போலவே இருந்தது. மணப்பெண் கத்தினாள். முதலாளி எல்லோர் முன்னாலும் அக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினார். அக்கா என்னைத்தான் கேட்டாள்: “கறை ஏதாச்சும் இருந்துச்சாம்மா? சோடா கீடா?” முதலாளியும் திரும்பிப் பார்த்தார். என் கை ஏப்ரன் பைக்குள் இருந்தது. விரலில் காகிதம் தட்டியது. தட்டியது, தட்டியது, தெரியும் எனக்கு.

“இல்லக்கா. சுத்தமாத்தான் வந்துச்சு.”

மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்ற தங்கை தரையைப் பார்த்தாள். நானும் தரையைப் பார்த்தேன். பதினான்கு வருஷம் வேலை பார்த்த அக்கா, அன்று மாலையே பையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 13, புதன்

பெண்கள் ஜெபக் கூட்டம். அக்கா கடைசி வரிசையில் இருந்தாள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கப் போகிறாள். யாருக்கு என்ன விண்ணப்பம் என்று கேட்டபோது எழுந்து நின்று, “என் கைக்காக ஜெபிங்க. கவனமில்லாம ஒருத்தரோட கல்யாணத் துணியைக் கெடுத்துட்டேன். எப்படி நடந்துச்சுன்னே தெரியல. கடவுள் என்னை மன்னிக்கணும்” என்றாள்.

போதகரின் மனைவி என் பக்கம் திரும்பி, “நீங்க கூட வேலை பார்த்தவங்க, நீங்களே ஜெபிங்க” என்றார்.

ஜெபித்தேன். வாய் கூசாமல். ‘இந்தச் சகோதரியின் கையை மன்னியும்’ என்று சொன்னேன். நல்ல குரல் எனக்கு. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். வெளியே வரும்போது அக்கா என் கையைப் பிடித்து, “நீ ஜெபிச்சது மனசுக்கு ஆறுதலா இருந்துச்சும்மா” என்றாள்.

சீ.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

வகுப்பறையில் நான்கு வாளித் தண்ணீர், என் மருந்துப் புட்டிகளில் ஆபத்தில்லாதவை, ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி. ஈரத் துணியைக் காய வைக்கத்தான் பெட்டியைக் கொண்டுபோனேன். நான் வாங்கிவந்த வினை.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. ஒருத்தன் மை, ஒருத்தி சாக்லேட், இரட்டையர் இரண்டு பேரும் ஷூ பாலிஷ். ஒருத்தன் என்ன கறை என்று சொல்லவே மாட்டேன் என்று நின்று, கடைசியில் “மூக்கு” என்றான். வகுப்பே உருண்டு சிரித்தது. ஒவ்வொருவரும் கறையின் பெயரைச் சொல்ல, நான் எடுத்துக் காட்ட, “சொன்னாத்தான் போகும்” என்று கூட்டாகக் கத்தினார்கள். போதகர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

கடைசியாக வக்கீல். மடித்து வைத்திருந்த வெள்ளைக் கைக்குட்டையை விரித்தாள். பளிச்சென்று இருந்தது.

“கறையே இல்லையே” என்றேன்.

“இருக்கு டீச்சர். கண்டுபிடிங்க பார்க்கலாம்.”

எனக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கணமே.

“சர்க்கரைத் தண்ணி! இதுதான் எல்லாத்தையும் விடக் கஷ்டமான கறைன்னு எங்கம்மா சொன்னாங்க. இஸ்திரி போட்டாத்தான் தெரியுமாம். போடுங்க டீச்சர்!”

போடுங்க டீச்சர், போடுங்க டீச்சர் என்று பதினொரு வாயும் கத்தின. நேரமாச்சு என்றேன். கேட்டால்தானே. பெட்டியை வைத்தேன். வெள்ளையில் ஒரு பழுப்பு வட்டம் மெல்ல எழும்பியது. அதே நிறம். அடேயப்பா என்றார்கள். வக்கீல் மட்டும் கத்தவில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள்.

“அப்படின்னா டீச்சர், பார்க்கிறவங்க இஸ்திரி போட்டவங்கதான் தீய்ச்சிட்டாங்கன்னு நினைப்பாங்கல்ல?”

“ம்.”

“ஆனா அவங்க மேல தப்பே இல்லல்ல?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எல்லாரும் எழுந்து நில்லுங்க, முடிவு ஜெபம்” என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளை கையில் அந்தக் கைக்குட்டையைக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஒரு பாவாடையில் ரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஊற்றிவிட்டேன். நான்! பதினொரு வருஷத்தில் முதல் தடவை. பாதிக்கு மேல் போகவில்லை. சீட்டில் ‘ரத்தம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அன்றே செய்திருந்தால் முடிந்த கதை. ஏன் வைத்திருக்கிறேன்? இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுத முயன்றேன். தெரியவில்லை. கிழித்தால் அக்கா தீய்த்தது உண்மையாகிவிடும் என்று ஒரு பயமோ?

ஆகஸ்ட் 20, புதன்

ஜெபக் கூட்டத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லியனுப்பினேன். எனக்கென்று வாய்த்தது, பஸ் நிறுத்தத்தில் அக்காவே நின்றாள். ஒளிவதற்கு ஒரு தூண் கூட இல்லை.

கேட்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளோ சிரித்துக்கொண்டே வந்தாள். “புள்ளை உன் பாடத்தைப் பத்தியே ஓயாம பேசுறா. வீட்டுல ஒரு துணி விடல, எல்லாத்துக்கும் சர்க்கரைத் தண்ணி. உன்னை மடக்கணும்னுதான் என்னைக் கேட்டா, நானும் சொல்லிக் கொடுத்தேன். மடங்கினியா?”

“மடங்கினேன்க்கா.”

“அதானே பார்த்தேன்.”

முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த நீலச் சீருடை கசங்கலாக இருந்தது. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள், அது யாருடையதோ என்பது போல. “கண்ணு டாக்டர்கிட்ட போனேன்மா. கண்ணு நல்லாத்தான் இருக்காம். நரம்புல ஏதாச்சும் இருக்கும், பாருங்கன்னாரு” என்றாள். அதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது.

தெரியாது அவளுக்கு. ஒன்றுமே தெரியாது. நிம்மதியாக இருக்க வேண்டுமல்லவா நான்?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூன்றாம் பாடம். தெரிந்த கறையைப் பிள்ளைகளே கசக்கி எடுக்க வேண்டும். மனந்திரும்புதல் என்றால் வருத்தப்படுவது மட்டுமில்லை, திரும்பி நடப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுப்பதில் என்ன குறைச்சல்.

மூக்குப் பையன் கேட்டான்: “டீச்சர், நான் அண்ணன் பென்சிலை உடைச்சிட்டேன். பூனை உடைச்சதுன்னு சொன்னேன். கடவுள்கிட்ட சாரி சொல்லிட்டேன். அண்ணன்கிட்டயும் சொல்லணுமா?”

“கடவுள்கிட்ட சொன்னா…” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. நான் இரண்டு மாதமாக அந்த வழியில்தானே ஓடிக்கொண்டிருக்கிறேன். தினமும் கண்ணை மூடிச் சொல்லிவிட்டு, சொல்லியாயிற்று என்று எழுந்துவிடுகிறேன்.

எனக்குப் பதிலாக வக்கீல் சொன்னாள்: “சொல்லணும்டா. இல்லன்னா உங்கண்ணன் பூனையையே திட்டிட்டு இருப்பான். பூனை பாவம்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்து வாளியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அவளாகவே வந்து நின்றாள். “டீச்சர், நான் அம்மாகிட்ட கேட்டேன். அந்தக் கல்யாணத் துணியிலயும் சர்க்கரை இருந்திருக்கும், நீ தீய்க்கலம்மா, அப்படின்னேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“இல்லடி, உங்க டீச்சர்கிட்ட கேட்டேன், சுத்தமா வந்துச்சுன்னு சொன்னாங்க, அவங்க பார்த்தா தப்பாது, அப்படின்னாங்க. அப்ப நிஜமாவே அம்மாதான் தீய்ச்சிட்டாங்க போல.”

ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே நின்றேன். அதில் தண்ணீரே இல்லை.

என்னைச் சந்தேகப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன் கையை விட என் வாயை நம்பியிருக்கிறாள்! பதினான்கு வருஷம் ஒரு துணி தீயாத கை அது. பெற்ற பிள்ளை வந்து காரணத்தோடு சொல்லியும், இல்லை, டீச்சர் சொன்னாங்க என்கிறாள். அட பாவி. அட பாவி நீ. நன்றாயிருப்பாயா நீ.

ஆகஸ்ட் 25, திங்கள்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுக் கை காயும் வரை கேட்டார். பிறகு, “இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? அவங்க வேற வேலைக்குப் போயாச்சு. உன் வேலையும் போகும். சண்டே கிளாஸும் போகும். ஊரே காறித் துப்பும்” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

“நீங்க ரிப்பேர் பண்ணின லிஃப்ட் விழுந்து, வேற மெக்கானிக் மேல பழி போனா என்ன பண்ணுவீங்க?”

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். “சொல்லிடுவேன்னு நினைக்கிறேன்” என்றார். பிறகு, “நினைக்கிறேன்” என்று இன்னொரு முறை.

ஆகஸ்ட் 27, புதன்

எழுதி ஒத்திகை பார்த்தேன்.

‘அக்கா, அன்று போன் அடித்ததால்…’ அடித்துவிட்டேன். போன் மேல் பழி.

‘அந்தப் பெண் யாரிடமும் சொல்லாதே என்றதால்…’ அடித்துவிட்டேன்.

‘எனக்கே பிறகுதான் தெரிந்தது…’ இது பச்சைப் பொய்.

‘ஏதோ ஒரு தவறு நடந்துவிட்டது…’ ஏதோ ஒன்று பட்டுவிட்டது என்று துணி கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்படிக் கோபம் வரும்! என்ன பட்டது, எங்கே பட்டது, எப்போது பட்டது, சொல்லுங்க முதல்ல, என்பேன்.

என்ன: பொய். எங்கே: எல்லோர் முன்னாலும். எப்போது: கையில் சீட்டு இருந்தபோதே.

ஆகஸ்ட் 30, சனி

மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். வக்கீல் விளையாடப் போயிருந்தாள், அதுவரை நல்லது.

ஒரே அறை வீடு. அலமாரியின் மேல் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிக் கயிறு கட்டி எதையோ வைத்திருந்தாள். கூர்முனையைப் பார்த்ததும் தெரிந்தது, இஸ்திரிப் பெட்டி. அக்கா டீ போட எழுந்தாள். உட்காருங்கக்கா என்றேன். சீட்டை அவள் முன்னால் வைத்தேன்.

வாசித்தாள். மறுபடி வாசித்தாள். “இது உன் கையெழுத்து.”

“ஆமாக்கா. அந்தத் துணிக்கு எழுதினது. குத்தல. அன்னைக்கு நீங்க கேட்டப்ப என் பையிலதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் இல்லன்னு சொன்னேன். பயத்துல சொன்னேன். உங்க கையில ஒரு தப்பும் இல்ல.”

அழுதுவிடக் கூடாது என்று நினைத்திருந்தேன். நான் அழுதால் அவள்தானே என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அவள் சுபாவம் அது. அழவில்லை. அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்தேன்.

அக்கா தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்தாள். விரலை மடக்கினாள், நீட்டினாள்.

“ஒன்பது வாரம்” என்றாள். “ஒன்பது வாரமா இந்தக் கையை வச்சு ஒரு துணியைத் தொட பயந்துட்டு இருக்கேன். புள்ளை கசங்கின துணியோட பள்ளிக்கூடம் போகுது.” பிறகு, “நீ ஜெபம் பண்ணினியே. என் கையை மன்னிக்கணும்னு. அப்ப கண்ணை மூடிட்டா பண்ணின, திறந்துட்டா?”

“மூடிட்டுதான்க்கா.”

“நானும் மூடிட்டுதான் இருந்தேன்.”

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எழுந்து சீட்டைத் திருப்பிக் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டு, “அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே என்னைத் திட்டினாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நான் வந்து நிப்பேன். வேற ஒண்ணும் வேணாம். நீங்க போயிட்டு வாங்க” என்றாள்.

நீங்க. பதினொரு வருஷம் நீ என்றுதான் கூப்பிட்டாள்.

செப்டம்பர் 1, திங்கள்

சொன்னேன்.

காலை எட்டு மணிக்கு, மெஷின் ஓடுவதற்கு முன். ஒன்பது பேர் நின்றார்கள். அக்கா நீலச் சீருடையோடு வாசலுக்கு வெளியே நின்றாள், உள்ளே வரவில்லை. முதலாளி, என்ன விசேஷம், எனக்கு வேலை இருக்கு என்றார். சீட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். நான்கு வரி.

கவுன்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளியின் முகம் செத்துவிட்டது. அவரும்தானே விசாரிக்காமல் துரத்தினார். அக்கா பக்கம் திரும்பி, “உள்ள வாம்மா, எப்ப வேணா வேலைக்கு வந்துடு” என்றார்.

அக்கா உள்ளே வந்தாள். நேராகத் தன் பழைய இஸ்திரிப் பலகைக்குப் போனாள். இப்போது அங்கே ஒரு புதுப் பெண் நிற்கிறாள். பலகை உறையில் ஒரு சுருக்கம் இருந்தது. உள்ளங்கையால் அதை ஒரு இழு இழுத்துச் சரிசெய்தாள். “யோசிச்சு சொல்றேன்” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

பிறகு முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். நானே ஏப்ரனை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். “அதை மாட்டிக்கிட்டுப் போங்க. கறை எடுக்க இந்தப் பக்கத்துல வேற ஆள் கிடையாது. இனிமே இப்படிச் செய்யாதீங்க” என்றார். அவ்வளவுதான்.

செய்யாத தப்புக்கு அவளைத் துரத்தினார்கள். செய்த எனக்கு ஒரு வாக்கியம். திரும்பி வந்து கறை மேசையில் நின்றபோது, வேலை போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அதுவும் சுயநலம்தான். தண்டனை கிடைத்தால் கணக்குத் தீர்ந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போயிருப்பேனே.

செப்டம்பர் 3, புதன்

போதகரிடம் போய், நடந்ததையெல்லாம் சொல்லி, இனி நான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கவில்லை என்றேன். மறுப்பார் என்று மனசுக்குள் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது, மறுக்காதபோதுதான் தெரிந்தது.

“கொஞ்ச நாள் பின் வரிசையில உட்காருங்கம்மா. கேட்கிற பக்கம்” என்றார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

போன ஞாயிறு நான் போகாததால் வகுப்பே நடக்கவில்லை. நான்காம் பாடத்தை இன்று போதகரின் மனைவி எடுத்தார். களிமண். திரைச்சீலையைக் கழற்றி வைத்துவிட்டார்கள், புத்திசாலிகள்.

வக்கீல் வரவில்லை. அக்காவும் வரவில்லை.

மூக்குப் பையன் பின் வரிசைக்கு ஓடிவந்து, அண்ணனிடம் சொல்லிவிட்டதாகவும், அண்ணன் அடித்ததாகவும், அடித்துவிட்டுப் பாதிப் பென்சிலைக் கொடுத்ததாகவும் சொன்னான். “நீங்க ஏன் டீச்சர் இங்க உட்கார்ந்திருக்கீங்க?” என்றான்.

“நானும் ஒண்ணு உடைச்சிட்டேன்டா.”

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“அடிச்சாங்களா?”

இல்லை என்று தலையாட்டினேன். அப்ப பரவாயில்லையே என்று போய்விட்டான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்றும் இருவரும் வரவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

கவுன்டர் பெண் சொன்னாள்: அக்கா எங்கள் கடைக்குத் திரும்பப் போவதில்லையாம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள தையல் கடையில் சேர்ந்துவிட்டாளாம். என்ன வேலை என்று கேட்டேன். “இஸ்திரிதான், வேற என்ன” என்றாள், என்னவோ எனக்குத் தெரியாத மாதிரி கேட்கிறேன் என்று.

கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நன்றாக அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து ஒரு கம்பளிச் சால்வையில் டீக்கறை எடுத்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்ததால் எல்லோரும் பாதி நனைந்து வந்தார்கள். பாட்டு ஆரம்பித்த பிறகு அக்கா வந்தாள். என் வரிசையைக் கடந்து இரண்டு வரிசை முன்னால் போய் உட்கார்ந்தாள். பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பார்க்காமல் போனாளா, சும்மா போனாளா, தெரியவில்லை.

ஆராதனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்கு ஓடினார்கள். கடைசியாக வக்கீல் வந்தாள். ஓடாமல், கைகளை இரண்டு பக்கமும் கொஞ்சம் விரித்துக்கொண்டு, மெல்ல நடந்து வந்தாள். வெள்ளைக் கவுன். காலர் நிமிர்ந்து நின்றது. இடுப்பிலிருந்து கீழே மடிப்பு மடிப்பாக, ஒவ்வொன்றும் விரல் அகலம். ஒன்று கூடக் கோணவில்லை. பதினான்கு எண்ணினேன், அதற்குள் கண் மறைத்துவிட்டது.

என் பக்கத்தில் வந்ததும் நின்றாள். என்னையறியாமல் கையை நீட்டிவிட்டேன்.

ஓரடி பின்னால் நகர்ந்தாள். “தொடாதீங்க டீச்சர், கசங்கிடும். அம்மா காலையிலேருந்து தேய்ச்சாங்க.”

கையை எடுத்துக்கொண்டேன். அவள் அதே மாதிரி, கைகளை விரித்தபடி, வகுப்புக்குப் போனாள்.